ஜாம் போத்தல் விளக்கு

இரும்போடு இரும்பு மோதிய சத்தத்தில் ஜெயமலரின் கையிலிருந்த வெள்ளைச் சேலை நழுவி விழுந்தது. பின்முற்றத்தில்தான். ஓடிப்போய் யன்னலைத் திறந்தாள். செம்மஞ்சள் உடுப்புப் போட்ட இரண்டு பேர் லொறியிலிருந்து குழாய்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள். பதினொரு நாட்களுக்கு முன் அவள் கணவன் தங்கராசா இறங்கிப் பிணமாக மேலே தூக்கப்பட்ட எண்ணெய்த் தாங்கியை எடுக்க வந்தவர்கள்.

"இண்டைக்கோ?" என்றார் தவராசா அண்ணை. தேவாரம் தெரிந்தவர் என்பதால் ஜேர்மனியின் ஹம் நகரத்துத் தமிழரின் செத்தவீடுகளுக்கெல்லாம் அவர்தான் பொறுப்பு. "பன்ரண்டு மணிக்கு எங்களுக்குத் தகனம். இவங்களுக்கு வேற நாள் கிடைக்கேல்லையோ?"

கதவு தட்டப்பட்டது. கீழ்த்தட்டில் இருக்கும் வீட்டுக்காரி பிரிங்மன் அம்மா கறுப்பு உடுப்போடு அழுதுகொண்டு நின்றாள். தாங்கியை எடுக்க இரண்டு மாதத்துக்கு முன் குறித்த டெர்மினாம், இருந்த நிலையில் அந்தத் தேதியை மறந்தே போனாளாம். திருப்பி அனுப்பட்டுமா என்று கேட்டாள்.

"நைன்," என்று மறுத்தாள் ஜெயமலர். "வேலை செய்யட்டும்."



வீட்டைச் சூடாக்க பிரிங்மன் அம்மா இந்த வருடம் எண்ணெயை விட்டு காஸுக்கு மாறியிருந்தாள். மண்ணுக்குள் முப்பது வருடமாகக் கிடந்த தாங்கிக்கு வேலையில்லாமல் போயிற்று. அடியில் கொஞ்சம் எண்ணெய்ச் சேறு மட்டும் மிச்சம். தங்கராசா அதைத் தானே வாரித் தருவதாகச் சொன்னபோது, "தொடாதே, அதற்கு ஆட்கள் வருவார்கள்," என்று அவள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

அவன் கேட்கவில்லை. அகதிமனு முடிவாகும்வரை வேலை செய்யக் கூடாது என்று சட்டம். எண்பத்து நாலில் வந்தவனுக்கு மூன்று வருடமாகச் சும்மா இருக்கிற கை. ஊரில் தம்பியோடு சேர்ந்து கிணறு இறைத்துச் சேறு வாரிய கை அது. பிரிங்மன் அம்மா மகள் வீட்டுக்குப் போன நாளாகப் பார்த்து வாளியைத் தூக்கினான். விசிலடித்துக்கொண்டு படியிறங்கினான்.

ஜெயமலர்தான் மெழுகுதிரியை ஜாம் போத்தலுக்குள் வைத்து, நூற்கயிறு கட்டிக் கொடுத்தாள். பாழ்கிணற்றில் இறங்கமுன் விளக்கு இறக்கிப் பார்ப்பது போல.

"எரிஞ்சால் மட்டும் இறங்குங்கோ. அணைஞ்சால் பேசாமல் மேலை வாங்கோ."

"ஓம், பெரிய எஞ்சினியர் அம்மா."

அதுதான் அவன் அவளோடு பேசிய கடைசிப் பேச்சு.

பொலிஸ் கேட்டபோதும் துக்கம் விசாரிக்க வந்தவர்கள் கேட்டபோதும், அன்றைக்கு அவனோடு கூடப் போயிருந்த தம்பி ஆனந்தராசா ஒரே பதிலைத்தான் சொன்னான். "விளக்கு நல்லா எரிஞ்சது. அதை நம்பித்தான் அண்ணை இறங்கினவர்." ஒவ்வொரு தடவையும் ஜெயமலருக்கு நெஞ்சில் ஊசி இறங்கியது. அவள் கட்டிக் கொடுத்த விளக்கை நம்பித்தானே போனான்.

சேலையைக் கட்டிக்கொண்டு முற்றத்துக்கு இறங்கினாள்.

அந்த இரண்டு பேரும் தாங்கிக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. முதலில் நீளக் குழாயை விட்டுச் சேற்றை உறிஞ்சினார்கள். பிறகு காற்றாடியைப் பூட்டி உள்ளே காற்றடித்தார்கள். அதை நிறுத்தி, காற்றைச் சோதிக்கும் ஒரு சின்னப் பெட்டியை வயரில் கட்டி இறக்கினார்கள். பெட்டி கீச்சிட்டு அலறியது. வயதானவர் கையை உயர்த்த, இருவரும் பின்வாங்கினார்கள். மறுபடி காற்றாடி. அரைமணி நேரம் போனது. மறுபடி பெட்டி. இந்தத் தடவை சத்தமில்லை.

அப்போதும் இளையவன் முகமூடி போட்டு, இடுப்பில் கயிறு கட்டித்தான் இறங்கினான். வயதானவர் தாங்கியின் வாயருகே குந்தி, கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டார். வேறெங்கும் பார்க்கவில்லை.

'இவ்வளவுதானா?' என்று ஜெயமலருக்குத் தோன்றியது. ஒரு பெட்டி, ஒரு காற்றாடி, ஒரு கயிறு.

இளையவன் ஏறி வரும்வரை காத்திருந்து, தெரிந்த டொச் மொழியில் வயதானவரிடம் கேட்டாள். "பெட்டி இல்லை. மெழுகுதிரி. சரியா?"

அவர் திடுக்கிட்டார். எண்ணெய்த் தாங்கிக்குள் நெருப்பா? வீடே வெடித்துப் பறந்திருக்கும் என்றார். பிறகு அவள் வெள்ளைச் சேலையைப் பார்த்தார், குரலைத் தணித்தார். ஆனால் மூடிக் கிடக்கும் இரும்புத் தாங்கியில் துரு காற்றைத் தின்றுவிடும். இதற்குள் மெழுகுதிரி எரிந்தே இராது. ஒரு முழம் இறங்கமுன் அணைந்திருக்கும்.

"உடனேயா?"

"உடனே."

மேலே வந்தாள். குசினியில் தொட்டிக்குக் கீழே குனிந்து, மூலையில் கிடந்த ஜாம் போத்தலை எடுத்தாள். பிரேதத்தைக் கொண்டுபோன மறுநாள் முற்றத்தில் பொறுக்கி, பார்க்காமலே உள்ளே தள்ளியது. இப்போதுதான் பார்த்தாள். மெழுகுதிரி அவள் வைத்த உயரத்திலேயே நின்றது. திரியின் நுனி மட்டும் கறுத்திருந்தது.

அறைக்குள் தங்கராசாவின் படத்துக்கு முன்னால் ஆனந்தராசா வேட்டியோடு இருந்தான். பிள்ளை இல்லாத அண்ணனுக்கு அவன்தான் கொள்ளிக்காரன்.

"அங்கை தகனச்சாலைக்குள்ளை நெருப்புக் கொளுத்த விடமாட்டினம்," என்றார் தவராசா அண்ணை. "தம்பி, கொள்ளிக்குப் பதிலா இங்கையே விளக்கைக் கொளுத்திப்போட்டு வெளிக்கிடுவம். நேரமாகுது."

ஜெயமலர் குத்துவிளக்கை ஒரு பக்கம் நகர்த்தினாள். அந்த இடத்தில் ஜாம் போத்தலை வைத்தாள்.

"இதைக் கொளுத்துங்கோ, தம்பி."

அவன் போத்தலைப் பார்த்தான். நெருப்புக்குச்சியைக் கிழித்தான், திரிக்குப் போகமுன் அணைந்தது. இன்னொன்றைக் கிழித்தான். அதுவும் அணைந்தது.

"அண்ணி..."

அவள் அவன் பக்கத்தில் இருந்தாள். நெருப்புப்பெட்டியை வாங்கவில்லை. முற்றத்தில் தாங்கியை வெளியே தூக்கும் சங்கிலி கிறீச்சிட்டது. தவராசா அண்ணை யன்னலைச் சாத்தினார்.

ஆனந்தராசா மூன்றாவது குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு, படத்தைப் பார்த்தபடியே சொன்னான்.

"அண்டைக்கு விளக்கு ரெண்டு தரம் அணைஞ்சது, அண்ணி. 'மூண்டு வரிசத்துக்குப் பிறகு ஒரு வேலை கிடைச்சிருக்கடா, மலருக்குச் சொல்லிப்போடாதை' எண்டு அண்ணை சிரிச்சவர்."