நடந்ததா என்று கேட்பாள்

அம்மா அன்று வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன். இல்லை என்கிறாள் அக்கா, அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாளாம். என் நினைவை நான் பெரிதாக நம்புவதில்லை. பேசியதை மட்டும் ஓரளவு சரியாகச் சொல்லிவிடலாம்.

அக்கா ஒரு தையல் கம்பெனியில், சட்டைக்குப் பொத்தான் துளை போடும் காஜா மெஷினில் இருந்தாள். தைத்துக்கொண்டிருக்கும்போதே கண் சொருகிவிடும். வீட்டில் வாய்விட்டுச் சிரித்தால் முழங்கால் மடங்கிச் சரிவாள். நடிக்கிறாள் என்று நினைத்தோம். தூங்குமூஞ்சி என்று பெயர் வைத்தவன் நான்தான். எனக்கு வயரிங் வேலை. அவள் கம்பெனியில் மின்விசிறி மாற்றப் போன இடத்தில், சூப்பர்வைசரைச் சிரிக்கவைக்க, "எங்கக்கா நின்னுக்கிட்டே தூங்குவா, வேணும்னா பாருங்க" என்றேன். அவர் பார்த்தார். அடுத்த மாதம் அக்காவுக்கு வேலை இல்லை.

அதன் பிறகுதான் டாக்டரம்மாவிடம் போனோம். "இது சோம்பல் இல்லப்பா. முழிப்பு நழுவாம பிடிச்சு வைக்க மூளையில ஓரெக்ஸின்னு ஒரு ரசாயனம் சுரக்கணும். அதைச் சுரக்குற செல்லெல்லாம் இவங்களுக்கு அழிஞ்சுபோச்சு" என்றார். கனவில் ஓடுகிறவன் எழுந்து நிஜமாகவே ஓடிவிடாதபடி மூளை உடம்பைத் தளர்த்திப் போட்டுவிடுமாம். அந்தத் தளர்ச்சி அக்காவுக்கு விழித்திருக்கும்போதே, சிரிப்பின் நடுவில் வந்துவிடுகிறது. கனவும் அப்படித்தான். கண் மூடிய சில நிமிடங்களில் வந்து, பகலைப் போலவே தெளிவாக இருந்துவிட்டுப் போகும். எது நடந்தது, எது கனவு என்று பிறகு அவளுக்கே தெரியாது.

அதனால் வீட்டில் ஒரு வழக்கம் வந்தது. அவள் "நடந்ததா?" என்று கேட்டால் யாரும் பொய் சொல்லக்கூடாது. வேறு எதைப் பிடித்துக்கொண்டு அவள் நிற்பாள்?

"குழாய் உடைஞ்சு வீடெல்லாம் தண்ணி. நடந்ததா?"

"இல்லக்கா."

"அம்மா என்னை அடிச்சாங்க. நடந்ததா?"

"இன்னும் நடக்கல" என்பாள் அம்மா. "வேலையைப் பாக்காம உக்காந்திருந்தா நடக்கும்."

என்னிடம் மட்டும் அவள் அதிகம் பேசுவதில்லை. மன்னிப்புக் கேட்கப் பலமுறை அவள் அறை வாசல்வரை போய், சுவிட்சுப் பெட்டியைப் பார்க்க வந்தவன்போலத் திரும்பியிருக்கிறேன். திடீரென்று இரண்டு நாட்களாக அவள் என்னிடம் சிரித்த முகமாக இருந்தாள். எனக்குத் தேநீர்கூட ஆற்றிக் கொடுத்தாள். காரணம், நான் முதலில் சொன்ன அந்த நாள் மாலையில்தான் தெரிந்தது.

"டேய், கட்டில் ஓரமா வந்து உக்காந்து, வேலை போனதுக்கு மன்னிச்சிடுக்கான்னு அழுதியே" என்றாள். கொஞ்சம் தயங்கினாள். "நடந்ததா?"

அம்மாவின் கை நின்றது. ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். வருடக்கணக்கில் என்னால் முடியாததை அவள் கனவு செய்து முடித்திருந்தது.

"நடக்கலக்கா."

அவள் முகம் மெல்ல மூடிக்கொண்டது. "சரி" என்றாள்.

"ஆனா கேக்கணும்னு..." என்று தொடங்கினேன். அதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது, அசிங்கமாக, மூக்கெல்லாம் ஒழுகி.

அவள் என் மூக்கைப் பார்த்தாள். "கனவுல இவ்ளோ சளி இல்லடா" என்றாள். சொன்னவளுக்கே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தாடை தளர்ந்தது, முழங்கால் மடங்கியது. ஓடிப்போய்த் தாங்கினேன். தலை என் தோளில் சாய்ந்தது. அந்த நிலையில் அவளுக்கு எல்லாம் கேட்கும், வாயசைக்க முடியாது.

"இப்பவே சொல்லி முடிச்சிடுடா" என்றாள் அம்மா. "அவ எதிர்த்துப் பேசாத நேரம் இனிமே உனக்குக் கிடைக்காது."

சொன்னேன். அவள் காதருகே, தடுமாறி, எல்லாவற்றையும். சொல்லி முடித்த பிறகும் அவள் கழுத்து நிமிரவில்லை. நான் அசையவில்லை.

அம்மா போய் நான்கு வருடமாகிறது. அக்கா இப்போது பள்ளிச் சீருடை தைக்கும் கடையில் இருக்கிறாள். மாத்திரை சாப்பிடுகிறாள், மதியம் இருபது நிமிடம் துணிக்கட்டுகள்மேல் படுத்துத் தூங்கக் கடைக்காரர் விடுகிறார். மன்னித்தாளா என்று நான் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. நான் அடுத்த தெருவில் குடியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வருவாள். என் மனைவி ஏதாவது சொல்லி அவளைச் சிரிக்கவைப்பாள். நான் அதற்கு முன்பே எழுந்து அவள் பக்கத்தில் போய் நின்றிருப்பேன்.