துண்டுக்குள் சொன்ன தீர்ப்பு

ஜெபராணி என்னை சார் என்றாள். அழகுமலையை அழகு என்றாள். எனக்கும் அவனுக்கும் ஒரே வயது.

1985. போடியில் ஒரு டுடோரியலில் ஆங்கிலம் நடத்திக்கொண்டிருந்தேன். ஜெபராணியின் அப்பாவுக்கு ஏலக்காய் வியாபாரம். கப்பலில் வேலை பார்த்த அவளுடைய அண்ணன் ஒரு விளையாட்டுப் பெட்டியை வாங்கி வந்து கொடுத்துவிட்டுத் திரும்பப் போய்விட்டார். பெட்டிக்குள் காய்களும் இல்லை, கட்டம் போட்ட அட்டையும் இல்லை. இருபது முகமுள்ள ஒரு பகடையும் தடித்த ஆங்கிலப் புத்தகமும் இருந்தன.

ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு காடு, மலை, குகை என்று போக வேண்டும். போவதெல்லாம் வாயால்தான். ஒருவர் மட்டும் வேடமில்லாமல் எதிரே உட்கார்ந்து கதையை நடத்துவார். என்ன நடந்தது, எது நியாயம் என்பதற்கு அவர் சொல்வதே முடிவு. புத்தகத்தை வாசிக்க என்னால்தான் முடிந்தது. அதனால் நான் நடுவர். மாட்டுத் தரகர் மகன் சுருளி என்னை நாட்டாமை என்பான்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து ஜெபராணி வந்ததும் அவள் அப்பாவின் கடைக்குப் பின்னால், ஏலக்காய் மூட்டைகள் அடுக்கிய கிட்டங்கியில் உட்காருவோம். கதவு திறந்திருக்கும். முற்றத்தில் அவளுடைய அம்மா இருப்பார்.

ஜெபராணி மந்திரக்காரி. சுருளி திருடன். அழகுமலை சத்தியம் காக்கும் வீரன். அவன் வாளில் ஒளி உண்டு. தகாததைச் செய்தால் அது போய்விடும். எது தகாதது என்று புத்தகம் சொல்லவில்லை. நடுவர் முடிவு செய்யட்டும் என்று விட்டிருந்தது.

நிஜத்தில் அழகுமலை அவள் அப்பாவின் கடையில் எடை போடுகிறவன். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன்.

வாரம் முழுக்க யோசித்து நான் சிக்கல்களை உருவாக்கினேன். இரண்டு பக்கமும் நியாயம் இருக்க வேண்டும், இரண்டு பக்கமும் வலிக்க வேண்டும். ஜெபராணி கவனமாகக் கேட்பாள். கேட்டு முடித்ததும் அழகுமலையின் முகத்தைப் பார்ப்பாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் குகையில் ஓர் அரக்கியைப் பிடித்தார்கள். புதையலுக்கு வழி காட்டினால் உயிரோடு விடுவதாக அழகுமலை வாக்குக் கொடுத்தான். அவள் காட்டினாள். வழி முடிந்த இடத்தில் எலும்புகளை வைத்திருந்தேன். அடிவாரத்து ஊரில் காணாமல் போனவர்களின் எலும்புகள்.

கொல்லத்தான் வேண்டும் என்றான் சுருளி. விட்டால் இன்னும் பத்துப் பேரைத் தின்பாள் என்று சத்தம் போட்டான்.

"கட்ட அவுத்து விட்டுர்றேன்" என்றான் அழகுமலை. "வாக்குக் கொடுத்தது நான். புதையல நீங்க போயி எடுத்துக்கங்க. அவ திரும்ப வந்தா ஊருக்கு ஆள் வேணும்ல. நான் அங்கனயே காவலுக்கு இருந்துக்கிறேன்."

ஜெபராணி பகடையைக் கீழே வைத்துவிட்டு அவனைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்காகவா நான் ஒரு வாரம் எலும்பு பொறுக்கினேன்?

ஒளி போகுமா போகாதா என்பதைத் துண்டில் பார்த்துவிடலாம் என்றேன். அது சுருளி சொல்லிக்கொடுத்த வழக்கம். சந்தையில் மாட்டுக்கு விலை பேசுகிறவர்கள் துண்டுக்குள் கைவிட்டு விரலைப் பிடித்துப் பேசுவார்கள். சுற்றி நிற்பவர்களுக்குத் தெரியாது. உள்ளே எத்தனை விரல் பிடித்தது என்று பிறகு யாரும் கேட்கக் கூடாது, சொல்லவும் கூடாது. எங்கள் ஆட்டத்தில் ஒரு விரல் சரி, இரண்டு விரல் தப்பு. தீர்ப்புக்கு உள்ளாகிறவன் கை நீட்டக் கூடாது. மற்ற இருவரும் ஆளுக்கொரு பக்கம் சொன்னால் முடிவு என்னுடையது.

முதலில் சுருளி. துண்டுக்குள் என் விரல் ஒன்றைப் பிடித்தான். கொல்லச் சொன்னவன்தான்.

அடுத்து ஜெபராணி. அவளும் ஒரே விரலைப் பிடித்தாள். அழுத்திப் பிடித்தாள். என் கையில் விழுந்த அந்த அழுத்தம் எனக்கானது அல்ல.

துண்டை மடித்து வைத்தேன்.

"ஒருத்தர் சரின்னிருக்காக, ஒருத்தர் தப்புன்னிருக்காக" என்றேன். "முடிவு என்னோடது. ஒளி போயிருச்சு."

அழகுமலை தன் வேடத்தைப் பற்றிக் குறித்திருந்த தாளில் ஒளி என்ற சொல்லை ரப்பரால் அழித்தான். இனி அந்த வாளில் காய் நறுக்கலாம் என்றான் சுருளி. யாரும் சிரிக்கவில்லை. ஜெபராணி சுருளியை முறைத்தாள். சுருளி ஆச்சரியமாக அவளைப் பார்த்தான். இருவரும் கேட்டுக்கொள்ள மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அன்று நிம்மதியாக வீட்டுக்கு நடந்தேன்.

அடுத்த ஞாயிறு ஜெபராணி காப்பி கொண்டுவந்தாள். தட்டில் மூன்று டம்ளர். எனக்கு ஒன்று, அழகுமலைக்கு ஒன்று, மூன்றாவதை அவள் எடுத்துக்கொண்டாள்.

"எனக்கு எங்க?" என்றான் சுருளி.

"சந்தையில போயி குடிச்சுக்க."

சுருளியின் முகம் சுருங்கியது. "அவன் வாளுக்கு உல வச்சவ நீ. எனக்குக் காப்பி கெடையாதாக்கும்?"

"நானா?"

"பின்ன? வாயில கொல்லுன்னேன். அவன் சொன்னதக் கேட்டதும் மனசு மாறிப்போச்சு. நான் ஒத்த வெரலுதான் பிடிச்சேன்."

ஜெபராணி டம்ளரை வைத்தாள். "நானும் ஒண்ணுதான் பிடிச்சேன்."

நான் துண்டை நம்பியிருந்தேன். காப்பியை நினைத்துப் பார்க்கவில்லை.

மூவரும் என்னைப் பார்த்தார்கள். அழகுமலைதான் முதலில் பார்வையை விலக்கிக்கொண்டான்.

"ஏன் சார்?" என்றாள் ஜெபராணி.

எண்ணியதில் தவறிவிட்டது என்றேன். இரண்டு பேரை எண்ணுவதில் என்ன தவறும் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என் முன்னாலிருந்த பகடையை எடுத்து அழகுமலை பக்கம் வைத்தாள்.

"இனிமே நீ நடத்து, அழகு."

அவன் மறுத்தான். தனக்கு இங்கிலீஷ் வராது, சாரே இருக்கட்டும், யாருக்கும் தவறுவதுதான் என்றான். அவன் எனக்காகப் பேசப் பேச என் காது சூடேறியது.

"சார் வாசிச்சு அர்த்தம் சொல்லட்டும். நியாயம் நீ சொல்லு."

சுருளி எழுந்து எனக்கு இடம் காட்டினான். அழகுமலை நடுவர் இடத்துக்கு வந்தான். நான் புத்தகத்தோடு அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். எழுந்து வீட்டுக்குப் போயிருக்கலாம். போனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அவளைப் பார்க்க முடியாது.

அழகுமலை நினைத்தால் அந்தக் கணமே ஒளியைத் திருப்பி எழுதியிருக்கலாம். செய்யவில்லை. ஒருமுறை போன ஒளி திரும்ப வர வழி இருக்கிறதா என்று புத்தகத்தில் பார்க்கச் சொன்னான்.

பக்கத்தைத் தேடி எடுத்தேன். வழி இருந்தது. நடுவர் விதிக்கும் ஒரு பரிகாரத்தை முடித்தால் ஒளி திரும்பும். இல்லை என்று சொல்ல எனக்கு ஒரு சொல் போதும். அங்கே வேறு யாராலும் அந்தப் பக்கத்தை வாசிக்க முடியாது. ஜெபராணி புத்தகத்தைப் பார்க்கவில்லை, என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இருந்ததை இருந்தபடி சொன்னேன்.

அவள் அழகுமலையிடம் திரும்பினாள். "சார் சரியாத்தான் வாசிக்கிறாகளா?"

அழகுமலை குனிந்து, நான் விரல் வைத்திருந்த வரியை வெகுநேரம் பார்த்தான். ஒரு வரிகூட அவனுக்குப் புரிந்திருக்காது.

"சரியாத்தான் இருக்கு" என்றான்.

என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னான். அது அவளுக்கும் தெரிந்தது. அதற்கும் அவள் அவனைத்தான் பார்த்தாள்.