வலி வேண்டும் என்றது பதாகை

ஆகஸ்ட் 12, செவ்வாய். ழ வர வேண்டிய இடத்தில் ல எழுதிவிட்டேன், சிவப்புச் சாயம் துணியில் ஊறி மறுபக்கமும் இறங்கிவிட்டது, ஏரிக்கரை இருளர்களுக்கு வழி வேண்டும் என்பதற்கு வலி வேண்டும் என்று பதாகை காற்றில் புடைத்து நிற்கிறது, தாலுகா அலுவலக வாசலில் அதன் அடியிலேயே அடுப்பு மூட்டிக்கொண்டிருக்கிறோம், மாலை வகுப்பில் இரண்டு எழுத்தையும் பக்கம் பக்கமாக எழுதிப் பழகியவள்தான் நான், ஆனால் எங்கள் வாயில் இரண்டும் ஒரே ஓசையாகத்தான் வருகின்றன, கை எதைக் கேட்டு எழுதியதோ, யாரும் கவனிக்கவில்லை, நானும் சொல்லவில்லை, சொல்லியிருக்க வேண்டுமோ.

குடியேறும் போராட்டம் என்றால் பானை, பாய், கோழி என்று வீட்டையே தூக்கிக்கொண்டு வருவது, கோழி ஒன்று தாசில்தார் ஜீப்பின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ள, நமக்கு முந்தி அதுக்குப் பட்டா குடுத்துடுவாங்க போல என்றார் சித்தப்பா, எல்லோரும் சிரித்தோம், அண்ணி பச்சையம்மா மட்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாதி சிரித்தாள், அவளுக்கு நிறைமாதம், போன முறையும் நிறைமாதம்தான், பக்கத்துத் தோட்டத்துச் சொந்தக்காரர் எங்கள் பாதையை மறித்துப் போட்ட கம்பிவேலிக்கு அந்தப் பக்கம் ஆம்புலன்ஸ் நிற்கிறது, இந்தப் பக்கம் அண்ணனும் சித்தப்பாவும் அவளைப் புடவைத் தூளியில் சுமந்து வரப்பு வழியாகச் சுற்றி ஓடுகிறார்கள், மழை, நான் குடை பிடித்தபடி பின்னால் ஓடுகிறேன், குழந்தை வரப்பிலேயே பிறந்தது, அழவில்லை, சில நாள் கனவில் அழுகிறது, வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, நான் கம்பியை விலக்குவதற்குள் விழிப்பு வந்துவிடுகிறது.

தாசில்தார் அம்மா வெளியே வந்ததும் பதாகையைத்தான் படித்தார், வலி வேணும்னா எழுதியிருக்கீங்க என்றார், பின்னால் நின்ற கிளார்க் வாயைப் பொத்திக்கொண்டார், எனக்குக் காது சுட்டது, நான் வாய் திறக்குமுன் அண்ணி இடுப்பில் கை ஊன்றி எழுந்தாள், வலி இருக்குதுங்க மேடம், வலிதான் இல்ல.

கிளார்க் கையை இறக்கிக்கொண்டார், எந்த வலி எது என்று யாரும் பிரித்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை, தாசில்தார் அண்ணியின் வயிற்றைப் பார்த்தார், எத்தன மாசம் என்று கேட்டார், சர்வேயரைக் கூப்பிட்டார், வேலி மறித்த இடம் வண்டிப்பாதை என்று பழைய வரைபடத்திலேயே இருக்கிறது, எங்கள் மனுக்களுக்கெல்லாம் அவர்கள் எழுதிய பதிலிலும் இருக்கிறது, சர்வேயர் வந்து அளந்து காட்ட, சாயங்காலம் வேலி விழுந்தது, கம்பி சுருண்டு சுருண்டு ஓரமாய்ப் போனது, தோட்டக்காரர் வரவில்லை, அண்ணி மருமகளாய் வந்தபோதே வேலி இருந்ததால் அந்தப் பாதையில் அவள் கால் வைப்பது இதுதான் முதல் முறை, நடுவில் நின்றுவிட்டாள், இவ்ளோ கிட்டத்துலயாடி ரோடு இருந்துது.

அப்போதுதான் அந்த எழுத்தைப் பிழையாக எழுதியது நான்தான் என்று அண்ணியிடம் சொன்னேன், நீ ஒழுங்கா எழுதியிருந்தீன்னா அந்தம்மா படிச்சிட்டு உள்ள போயிருப்பாங்க, போடி என்றாள், அது சரியா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை, இதை எழுதும்போது உள்ளே அவள் குறட்டை விடுகிறாள், அண்ணன் புரளாமல் தூங்குகிறான், பாதையில் யாரோ சைக்கிள் மணியை வேண்டுமென்றே அடித்துக்கொண்டு போகிறார்கள்.

நாளை: வேலி இருந்த இடத்துப் பள்ளத்தில் கல்லும் மண்ணும் கொட்டி நிரவ வேண்டும், ஆம்புலன்ஸ் சக்கரம் இறங்காத அளவுக்கு.