ஒட்டாத சாயம்

“அப்பா, துணியில ஒட்டாத சாயம் எங்க போய்த் தூங்கும்?”

மகள் சின்னவளாக இருந்தபோது கேட்டது. “ஆத்துலதான் கண்ணு” என்று சாயப்பட்டறைக்காரர் அன்று சிரித்து மழுப்பிவிட்டார். ஆற்றோரத்துப் பட்டறைகள் எல்லாவற்றிலும் ஒரே வழக்கம்தான். கழிவுத் தொட்டியை நிரப்பி வைத்துக்கொண்டு மழைக்குக் காத்திருப்பார்கள். மழை கொட்டும்போது மதகைத் திறந்துவிட்டால் நிறம் தெரியாது. சுத்திகரிப்பு எந்திரத்துக்கு ஆகும் மின்சாரச் செலவும் மிச்சம்.

இன்று வானம் இருட்டிக்கொண்டு வந்தது. தொட்டி தளும்பியது. மறுநாள் லாரியில் ஏற்ற வேண்டிய துணியோ பாதிதான் முடிந்திருந்தது.

“மாப்ள, வானமே கூலியில்லாம வேலைக்கு வந்திருக்கு. திறந்துவிடுங்க!” என்றார் மனைவியின் அண்ணன்; பட்டறையில் கூட்டாளியும் அவர்தான்.

பட்டறைக்காரரின் கை மதகுச் சக்கரத்தைத் தொட்டு நின்றது. மணிக்கட்டில் பழைய தழும்பு. அமிலம் தெறித்து அவர் துடித்த நாளில், கீழ்க்கரைச் சலவைக்கார அக்காதான் அவரை இழுத்துக்கொண்டு போய், தன் கிணற்று நீரைக் குடம் குடமாகக் கையில் ஊற்றினாள். அந்தக் கிணறு இப்போது சிவந்து கிடக்கிறது. வெள்ளைத் துணியை வெளுக்கக் கொடுப்பவர்கள் அவளிடம் வருவதில்லை. மகள் கேட்ட சாயம் அங்கேதான் போய்ப் படுத்திருந்தது.

“வேணாம் மச்சான். எந்திரத்தைப் போடுங்க. தொட்டி காலியாகுற வரைக்கும் சாயம் போடுறதை நிறுத்துவோம்.”

“நிறுத்துனா சரக்கு நாளைக்குப் போகாது. பக்கத்துப் பட்டறைக்காரன் விலையைக் குறைச்சுக் கொத்திட்டுப் போவான். நாம ரெண்டு பேரும் உக்காந்து ஈ ஓட்டலாம்!”

“இத்தனை நாளா நாம குறைச்ச விலையில மீதிய யாரு கட்டுனா? அந்த அக்காதானே?”

மச்சான் முணுமுணுத்தபடியே போய் எந்திரத்தின் சுவிட்சைத் தட்டினார்.

பட்டறைக்காரர் வியாபாரிக்குப் போன் செய்தார். ஒரு நாள் தாமதமாகும், விலையும் கொஞ்சம் கூடும் என்றார். கெஞ்சவில்லை. வியாபாரி பாதிச் சரக்கை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார். கடவுள் மீதியையாவது விட்டுவைத்தாரே என்று பட்டறைக்காரர் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டார்.

மழை வந்தது, ஓய்ந்தது. மதகு மூடியே இருந்தது.

மறுநாள் நடுப்பகலில் அக்கா துவைத்த துணியைக் கொடுக்கப் போயிருந்தாள். பட்டறையின் ஆழ்துளைக் கிணற்றில் நல்ல தண்ணீர். பட்டறைக்காரர் அங்கிருந்து நீளக் குழாயை இழுத்துவந்து அவளுடைய சலவைத் தொட்டியில் போட்டார். அடிக்கல் தெரியும் தெளிவோடு தொட்டி நிரம்பியது. அவள் கிணறு தெளியும்வரை தினமும் இப்படித்தான் என்று மனதுக்குள் முடிவு செய்துகொண்டார். பிறகு குழாயைச் சுருட்டித் தோளில் போட்டு, ஈரத் தடத்தின்மேல் காலால் மண்ணைத் தள்ளிவிட்டு, வந்த வழியே நடந்தார்.