ஆமைக்குப் பதில் பூனை

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை ஜெராக்ஸ் கடையில் பொறுக்கியது. ஓய்வூதியச் சான்றிதழை நகலெடுக்கப் போன இடத்தில், கல்லூரிப் பிள்ளைகள் மூவர் ஒரே போனுக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றார்கள். என் காதில் விழுந்தது நாலே வாக்கியம். மிச்சமெல்லாம் கைச்சரக்கு. (வேலையில் இருந்த முப்பத்தாறு வருடமும் சுருக்கி எழுதச் சொன்னார்கள். இப்போதுதான் கட்டு அவிழ்ந்திருக்கிறது.)

2

முதல் தொடக்கம்: 'டிஜிட்டல் நாணயம் என்பது நம் காலத்தின் மாபெரும்...' வேண்டாம். எனக்கே கொட்டாவி வருகிறது.

இரண்டாவது: மணி மூன்று முப்பத்தொன்று. எதிரே கல்லூரியில், தேர்வுக் கட்டணம் வாங்கும் ஜன்னலை நான்கு மணிக்குச் சாத்திவிடுவார்கள். இன்றே கடைசி. அக்கா கட்டச் சொல்லிக் கொடுத்த பணத்தைக் கால்குலேட்டர் கிரிப்டோவில் போட்டிருந்தாள். (அது அந்தப் பெண்ணின் பட்டப்பெயர். கணக்கில் புலி.) கட்டாவிட்டால் இந்த வருடம் பரீட்சை கிடையாது.

தேவலை. இப்படியே போகட்டும்.

3

கால்குலேட்டர், டர்போ, சாமியார் (எல்லாம் பட்டப்பெயர்தான்) மூவரும் கூட்டாகக் கிரிப்டோ காயின் வாங்கி, டர்போவின் போனில் ஒரே வாலட்டில், அதாவது டிஜிட்டல் பர்ஸில், வைத்திருந்தார்கள். அந்தப் போன் நேற்று வாளித் தண்ணீரில் நீச்சல் பழகப் போய் உயிரை விட்டது. அவனுடைய புதுப் போனில் வாலட்டைத் திறக்கப் பன்னிரண்டு வார்த்தைகள் வேண்டும், வரிசை மாறாமல். யாரும் யாரையும் ஏமாற்றக் கூடாதென்று, வாங்கிய அன்றே ஆளுக்கு நாலாகப் பிரித்து மனப்பாடம் செய்துகொண்டார்கள். எங்கும் எழுதி வைக்கவில்லை. (அணுகுண்டு வைத்திருப்பவர்கள்கூட ஒரு சீட்டில் குறித்து வைப்பார்கள்.)

ஆளுக்கு நாலு வார்த்தை தட்டினார்கள். திரையில் புள்ளிகள் மட்டுமே தெரிந்தன. 'தவறு' என்றது வாலட்.

"யாருடா சொதப்புனது?" என்றான் டர்போ.

"நான் இல்ல." சாமியார் ஒரு நாளைக்குப் பேசும் மொத்தப் பேச்சே அவ்வளவுதான்.

"அப்போ நானா? எனக்கு மறதின்னா கிளாஸே சிரிக்கும்" என்றாள் கால்குலேட்டர்.

"ஏம்ப்பா, ஏதாவது எடுக்கிறதுன்னா எடுங்க. இல்லன்னா வழிய விடுங்க" என்றார் கடைக்கார அம்மா.

4

இது உங்களுக்கு மட்டும்: சொதப்பியவள் கால்குலேட்டர்தான். வேண்டுமென்றே. ஆமை வர வேண்டிய இடத்தில் பூனை என்று தட்டினாள். (வார்த்தைகளை மாற்றிவிட்டேன். உங்கள் மேல் நம்பிக்கை இல்லாமல் இல்லை.) போன மாதம் கேட்காமல் கொள்ளாமல் மூவர் பணத்தையும் வேறு காயினுக்கு மாற்றியவன் டர்போ. வாலட் அவன் கையில் திறந்தால்?

[நல்ல பெண்ணை இப்படி எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். நல்லவர்களும் பயந்துவிட்டால்...]

"போனை என்கிட்ட குடு. நான் பிடிச்சுக்கறேன், நீங்க தட்டுங்க" என்றாள் கால்குலேட்டர்.

இந்த முறை ஆமை என்றே போட்டாள். மற்ற இருவரும் தட்டினார்கள்.

தவறு.

மூன்று நாற்பத்துநாலு. அப்படியென்றால் இன்னொருவரும் பொய் சொல்கிறார். யார் என்று கேட்டால், 'உனக்கு எப்படித் தெரியும்?' என்பார்கள்.

5

முடிவு அ: சாமியார் அவள் காலில் விழுந்து அழுகிறான். கடையே மிதக்கிறது, ஜெராக்ஸ் மெஷின் படகாகிறது. கோடு போட்டு அடித்துவிட்டேன்.

முடிவு ஆ: கடைக்கார அம்மா கல்லாவைத் திறந்து கட்டணத்தைக் கொடுக்கிறார். படித்தால் என்னை விளக்குமாற்றால் அடிப்பார்.

6

மூன்று ஐம்பத்திரண்டு.

"மொதல் தடவை நான் வேணும்னே தப்பா போட்டேன்" என்றாள். "டர்போ, நீ எடுத்துட்டு ஓடிடுவியோன்னு பயம். ரெண்டாவது தடவை போட்டது சரி."

தன் நாலு வார்த்தையையும் மறுபடி தட்டினாள். சாமியார் கழுத்தைச் சொறிந்தான்.

"நானும்தான். ரெண்டு தடவையும்." திரையைப் பொத்திக்கொண்டு தன் நாலையும் தட்டினான்.

இருவரும் டர்போவைப் பார்த்தார்கள்.

"என்னை ஏன் பாக்கறீங்க? ரெண்டு வாட்டியும் சரியாத்தான் போட்டேன்." அவன் குரல் உடைந்தது. "திருடன்னே முடிவு பண்ணிட்டீங்க, இல்ல?"

அவனும் தட்டினான். இனி 'திற' என்பதை அழுத்த வேண்டியதுதான். கால்குலேட்டரின் கட்டைவிரல் அதன் மேல் நின்றது.

திறந்தால் காயினை விற்றுவிட்டு ஜன்னலுக்கு ஓட நேரமிருக்கிறது. ஆனால் மூவரில் யோக்கியன் டர்போ ஒருவன்தான் என்று தெரிந்துகொண்டு, அவன் பக்கத்திலேயே ஓட வேண்டும். திறக்காவிட்டால் டர்போவைப் பற்றி அவள் பயந்தது சரி. பரீட்சை போச்சு.

அதற்குள் என் நகல் வந்துவிட்டது. நின்று பார்த்திருக்கலாம். எது நடக்க வேண்டுமென்று ஆசைப்படுகிறேன் என்பது எனக்கே பிடிக்காமல் வெளியே வந்துவிட்டேன். நீங்கள் நில்லுங்கள்.