கை நனைக்காத பயணம்

“உது மீன் ஏத்துற வான்!”

“மெல்லக் கதையும். பராசக்தி வேலிக்கு அங்காலை நிக்கிறா.”

“நிக்கட்டும். அவவுக்கும் மூக்கு இருக்குத்தானே? பிறந்த நாள் தொட்டு மச்சம் தொடாதவள் நான். என்னை மீன் பெட்டிக்குள்ளை அடைச்சு நுவரெலியாவுக்கு ஏத்தப் போறியளோ?”

“கழுவியாச்சு எண்டெல்லோ சொல்லுறன். மூண்டு தரம். மஞ்சள் தண்ணி, தேசிக்காய், பிறகு சவர்க்காரம்.”

“கழுவினால் மீன் போகும். மணம் எங்கை போறது?”

1983 தைப்பொங்கல் முடிந்த மூன்றாம் நாள் காலமை, சண்டிலிப்பாயில் எங்கடை ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெரு முழுவதும் கேட்ட சண்டை இது. பராசக்தி வேலிக் கிடுகில் இருந்த சின்ன ஓட்டையை விரலால் கொஞ்சம் பெருப்பித்துக்கொண்டாள். மற்றவர்களுக்கு அந்தச் சிரமம்கூடத் தேவைப்படவில்லை. பத்மாவதியின் தொண்டை அப்படிப்பட்டது.

புருசன் பஞ்சலிங்கத்தார் இளைப்பாறிய தபால் அதிபர். மற்றவர்களின் போஸ்ற்காட்டுகளை முப்பத்து நான்கு வருசம் வாசித்தே உலக ஞானம் பெற்றவர். நாலைந்து வருசத்துக்கு முந்தி கீரிமலையில் ஒரு வெள்ளைக்காரச் சோடி வானை நிறுத்தி, அதற்குள்ளேயே சமைத்து, அதற்குள்ளேயே படுத்தெழும்பியதை மூன்று நாள் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர். அன்று தொடக்கம் “மனுசர் எண்டால் அப்பிடிச் சீவிக்க வேணும்” என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். இப்போது அதுமாதிரி ஒரு வானில் மனுசியோடு மலையும் குளமும் பார்க்கப் போகிறாராம். ஒழுங்கைக்குச் சொன்னது இவ்வளவுதான்.

சொல்லாதது வேறு. அவர்களின் ஒரே மகள் குணலட்சுமி மூன்று வருசமாக நோர்வூட் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறாள். மார்கழியில் அவள் ஒரு கடிதம் போட்டிருந்தாள். கூடப் படிப்பிக்கிற கதிரேசனைத்தான் கலியாணம் செய்யப் போகிறாளாம். தகப்பன் தேயிலைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையாம். நல்ல சனமாம். பத்மாவதி அந்தக் கடிதத்தை அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்தாள். மாசி பிறக்குமுன் பெட்டையைக் கூட்டிக்கொண்டு வந்து வீட்டில் இருத்தவேண்டும், ஒழுங்கைக்கு மூச்சுவிடக் கூடாது என்று முடிவு கட்டினாள்.

அங்கே போனால் தங்குவது எங்கே, சாப்பிடுவது எங்கே? அதுதான் பெரிய பிரச்சினை. சம்பந்தம் பேச்சில் இருக்கிற வீட்டில் கை நனைத்தால், ஒரு மிடறு தேத்தண்ணி குடித்தாலும், சம்மதம் என்றுதான் அர்த்தம். பிறகு இல்லை என்று சொல்ல வாய் வராது. ஆகவே சமையலறை சில்லு பூட்டிக் கூடவே வரவேண்டியிருந்தது. புருசனின் வெள்ளைக்காரப் பைத்தியம் வாழ்க்கையில் முதல் தரமாகப் பத்மாவதிக்கு உதவியது. ஆனால் வான் பிடிக்கிற வேலையை அவரிடம் விட்டாள். அது அவள் விட்ட பிழை.

வான் குருநகர் மீன்காரன் சிமியோனுடையது. ஐஸ் பெட்டிகளை இறக்கிவிட்டுப் பலகைக் கட்டில் போட்டு, பழைய சேலையைக் கிழித்துத் திரை கட்டி, மண்ணெண்ணெய்க் குக்கர் ஒன்றும் சொந்தக் கிணற்றுத் தண்ணீர் இரண்டு கானும் ஏற்றியிருந்தார்கள். பனங்கிழங்கை அவித்துக் காயவைத்த புழுக்கொடியல், எள்ளுருண்டை, பொரிவிளாங்காய் எல்லாம் ஒரு சாக்கு. வானின் நெற்றியில் ‘மரியே வாழ்க’ என்று பெரிய எழுத்து. பஞ்சலிங்கத்தார் அதற்கு மேலே செல்வச்சந்நிதி முருகன் கலண்டரைச் சணல் கயிற்றால் கட்டினார்.

“ஏன் குருநகரிலை பிடிச்சியள்? ஊரிலை வான் இல்லையோ?”

“ஊராளெண்டால் ஊருக்குக் கதைப்பான். உவனுக்கு இஞ்சை ஒருத்தரையும் தெரியாது.”

பத்மாவதி அதை நம்பினாள். சந்தை நாளில் சிமியோன் மீன் இறக்குவது எங்கடை சந்தியில்தான் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? மீன்காரர் நிற்கிற பக்கம் அவள் முகம் திருப்பினதே இல்லை.

வான் வெளிக்கிட்டது. முருகன் ஆனையிறவுக் காற்றில் பறந்து உப்பு வெளிக்குள் போய்விட்டார். பஞ்சலிங்கத்தார் அதைப் பார்த்தார், சொல்லவில்லை.

கண்டி தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் பத்மாவதி திரையை விலக்கிப் பார்த்தாள். “உதுவும் ஒரு மலையே? மண்ணைக் குவிச்சு விட்டிருக்கினம். ஒரு வெங்காயம் நட ஏலுமே உதிலை?” என்று கேட்டாள். நுவரெலியாக் குளத்தைக் காட்டியபோது, “மாரிக்கு எங்கடை ஒழுங்கையும் உப்பிடித்தான்” என்றாள். அந்தக் குளக்கரையில்தான் படம் எடுத்தார்கள், ஒழுங்கைக்குக் காட்ட. மூன்று சேலை சுற்றி, அதற்கு மேல் புருசனின் பழைய கோட்டுப் போட்டு, மூக்குச் சிவந்து, ஆரோ செத்த வீட்டுக்கு வந்தவள் மாதிரி நிற்கிறாள். பக்கத்தில் பஞ்சலிங்கத்தார் குரங்குத் தொப்பியோடு சிரிக்கிறார். இரண்டு பேருக்கும் நடுவில், பின்னால், ‘மரியே வாழ்க’.

வழியில் ஒரு அருவியடியில் சிமியோன் நிறுத்தினான்.

“அம்மா, நல்ல தண்ணி. உந்தக் கானை நிரப்பி விடவோ?”

“மேலை ஆர் குளிக்கிறானோ ஆருக்குத் தெரியும்? எங்களிட்டை இருக்கு.”

அருவிச் சத்தத்துக்கு நடுவில் அவள் சண்டிலிப்பாய்த் தண்ணீரைக் கானிலிருந்து பித்தளைச் செம்பில் வார்த்துக் குடித்தாள். குளிரில் பல்லெல்லாம் விறைத்தது. முகத்தில் காட்டவில்லை.

அன்றைக்கே குக்கர் மக்கர் பண்ணியது. திரி ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. பஞ்சலிங்கத்தார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை ஒரு பதிவுத் தபாலைப் பார்ப்பதுபோலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“தாங்கோ ஐயா. திரி சிக்கியிருக்கு. ஒரு நிமிச வேலை.”

“வேண்டாம்!” என்றாள் பத்மாவதி. “மீன் அள்ளுற கை. பிறகு நான் உதிலை சமைச்சுத் திண்ணுறதோ?”

சிமியோன் தோளைக் குலுக்கிவிட்டுப் போய் முன் சீற்றில் இருந்து பீடி பற்றவைத்தான். அந்தக் கையால் பிடித்த ஸ்ரியறிங்தான் அவளை இருநூறு மைல் கொண்டுவந்தது. அது கணக்கில் இல்லை. அதன்பிறகு இரண்டு நாளாகப் புழுக்கொடியலும் பச்சைத் தண்ணீரும்தான்.

நோர்வூட்டுக்குக் கிட்ட, காசல்ரீக் குளக்கரையில் வானை நிறுத்தினார்கள். கணக்கப்பிள்ளை வீடு மேலே, சரிவில், தகரக் கூரையோடு தெரிந்தது. பள்ளிக்கூடம் விட்டுக் குணலட்சுமி இறங்கி வந்தாள். பின்னால் குடையோடு ஒரு மெலிந்த ஆள்.

“வாங்க மாமி. வாங்க மாமா,” என்றான் கதிரேசன்.

“ஆர் உமக்கு மாமி?” என்றாள் பத்மாவதி.

அவன் குடையை மடக்கிக்கொண்டு நாலடி தள்ளிப் போய்க் குளத்தைப் பார்த்தான். மரியாதை தெரிந்த பிள்ளை. பத்மாவதிக்கு அதுவும் பிடிக்கவில்லை.

“அம்மா, குளிருக்குள்ளை நிக்காதேங்கோ. மேலை வாங்கோ. ஒரு தேத்தண்ணி குடியுங்கோ.”

“தேத்தண்ணி குடிக்க வரேல்லை. உன்ரை உடுப்புப் பெட்டியை எடுத்துக்கொண்டு வா. நாளைக்குக் காலமை வெளிக்கிடுறம்.”

“நான் வரமாட்டன்.”

“தோட்டக்காட்டானுக்குப் பிள்ளை பெறவோ உன்னைப் படிப்பிச்சனாங்கள்?”

குணலட்சுமி கோபிக்கவில்லை. தாயின் நீலம் பாரித்த உதட்டைப் பார்த்தாள். திறந்து கிடந்த புழுக்கொடியல் சாக்கைப் பார்த்தாள். கடைசியாகத் தகப்பனைப் பார்த்தாள். அவரை மட்டும் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தாள்.

“சரி. ஒரு பந்தயம். நாளைக்கு வெளிக்கிடும் வரைக்கும் நீங்கள் ரெண்டு பேரும் அந்த வீட்டிலை கை நனைக்காமல் இருந்தியள் எண்டால், நான் பெட்டியோடை வாறன். மறுகதை கதைக்கமாட்டன். ரெண்டு பேரிலை ஒருத்தர் நனைச்சாலும் கலியாணத்துக்குச் சம்மதம். பிறகு நீங்கள் மறுகதை கதைக்கக் கூடாது.”

“சத்தியமோ?”

“சந்நிதி முருகன் மேலை சத்தியம்.”

பத்மாவதிக்குச் சிரிப்பு வந்தது. மூன்று வருசம் கணக்குப் படிப்பித்தும் பெட்டைக்குக் கணக்குத் தெரியவில்லை. ஒரே ஒரு இரவு! அவள் கந்தசட்டிக்கு ஆறு நாள் மிளகும் தண்ணீருமாக இருந்தவள். பஞ்சலிங்கத்தார் குளத்தைப் பார்த்தார். அன்றைக்கு அவர் குளத்தை நிறையப் பார்த்தார்.

விடியக் கண் முழித்தபோது மீன் மணத்தது.

“உந்த நாசமாப் போன வான்,” என்று கண்ணை மூடிக்கொண்டே சொன்னாள். மணம் கூடியது. எழும்பித் திரையை மணந்தாள். மெத்தையைத் தூக்கிப் பலகையை மணந்தாள். மஞ்சள் தண்ணீரை மூலை மூலையாகத் தெளித்தாள். மணம் குறையவில்லை. கதவைத் திறந்து வெளியில் வந்தால் இன்னும் அதிகம். அப்போதுதான் கவனித்தாள். புருசன் இல்லை. அவரின் சப்பாத்து இல்லை. கம்பளியும் இல்லை.

பனிக்குள் அந்த மணம் சரிவில் இருந்து இறங்கி வந்தது. பத்மாவதி சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, பொத்தின மூக்காலேயே வழி பிடித்து ஏறினாள். தேயிலைப் பற்றைகள் முழங்காலை நனைத்தன. மேலே தகரக் கூரை, பின்பக்கம் புகை, திறந்த குசினிக் கதவு.

அடுப்புக்குக் கிட்டப் பலகையில் கம்பளி போர்த்து இருந்தார் தபால் அதிபர். முன்னால் தட்டில் சுடச்சுடத் தேங்காய் ரொட்டி. ரொட்டிக்குப் பக்கத்தில் கருவாட்டுச் சம்பல். விரல் ஐந்திலும் சம்பல். மீசையிலும் சம்பல். எதிர்ப் பலகையில் சிமியோன் இருந்து ஊதி ஊதித் தேத்தண்ணி குடித்தான்.

“இஞ்சரும்...” என்றார் பஞ்சலிங்கத்தார். வாய் நிறைந்திருந்தது. “குளிர்... நெஞ்சுக்குள்ளை ஒரு மாதிரிக் கிடந்தது... உவை சும்மா தட்டிலை போட்டிட்டினம்...”

“கருவாடு!” என்றாள் பத்மாவதி. “சைவ வயித்துக்குள்ளை கருவாடு! வாய்க்குள்ளை வைக்க மனம் வந்ததே உங்களுக்கு?”

சிமியோன் நல்ல மனத்தோடுதான் குறுக்கே வந்தான். “ஏனம்மா ஐயாவை ஏசுறியள்? அவருக்கு இது புதிசே? மாசா மாசம் சீலாக் கருவாடு நான்தானே குடுக்கிறனான். சந்திக் கடைக்குப் பின்னாலை பொரிப்பிச்சுத் திண்டிட்டு, வெத்திலை போட்டிட்டுத்தானே வீட்டை வருவார். நல்ல மனுசன், அதுதான் நான் வானைத் தந்தது.”

பத்மாவதி புருசனைப் பார்த்தாள். வெள்ளிக்கிழமைகளில் வாய் சிவக்க வந்து இருந்துகொண்டு தேவாரம் படிக்கிற வாய். அந்தச் சைவ வாயை நம்பித்தான் அவள் இரண்டு நாளாகப் பல் விறைக்கக் கிணற்றுத் தண்ணீர் குடித்தாள்.

“வாங்கம்மா, உள்ள வாங்க. பனியில நிக்காதீங்க,” என்று கதிரேசனின் தாய் கூப்பிட்டாள். கையில் ஆவி பறக்கிற கோப்பை.

பத்மாவதிக்கு ஒரு வழி இன்னும் இருந்தது. கருவாடு தின்றவன் கை நனைத்தது கணக்கில் சேராது, பெட்டியை எடு என்று மகளிடம் கத்தியிருக்கலாம். கத்தத்தான் வாயைத் திறந்தாள். குணலட்சுமி மூலையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். கை நின்றிருந்தது. வென்றவளின் முகம் இல்லை அது. சின்ன வயசில் கோப்பையை உடைத்துப்போட்டுத் தாயின் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பாளே, அந்த முகம். அதைப் பார்த்ததாலா, புருசனின் மீசையைப் பார்த்ததாலா என்று கேட்டால் எங்கடை ஒழுங்கை இரண்டு கட்சியாகப் பிரியும். புருசனின் மீசைதான் என்று பராசக்தி சத்தியம் பண்ணுவாள்.

பத்மாவதி வாசல்படி தாண்டினாள். அடுப்படியில் இருந்த பலகையைக் காலால் இழுத்துப் போட்டு இருந்தாள்.

“எனக்கும் ஒண்டு ஊத்துங்கோ. சூடா. சீனி கூடப் போட்டு.”

சொன்னது கதிரேசனின் தாய்க்கு. பார்த்தது புருசனை.

இரண்டு கோப்பை குடித்தாள். அடுப்புப் புகையுது என்று குறை சொன்னாள். கோப்பையின் விளிம்பு உடைந்திருக்கு என்றாள். மூன்றாவது கோப்பையை அவளே நீட்டினாள். பிறகு எழும்பிப் புருசனுக்குச் சொன்னாள்: “இனி உங்களுக்குக் கருவாடு பொரிச்சுத் தரச் சம்பந்தி வீடு இருக்கு. என்ரை அடுப்படிப் பக்கம் வராதேங்கோ.”

திரும்பி வருகிற வழி முழுக்க இரண்டு பேருக்கும் பேச்சில்லை. தண்ணீர்க் கானில் ஒன்று தொடாமலே திரும்பி வந்தது.

“எப்பிடி அக்கா மலைநாடு?” என்று பராசக்தி வேலியால் கேட்டாள்.

“நல்ல குளிர். வாய் நனைக்க ஒரு நல்ல இடமில்லை.”

பராசக்தி சிரிப்பை அடக்கப் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். அதற்கு முந்தின நாளே சந்தையில் சிமியோன் மீனோடு கதையையும் இறக்கிவிட்டுப் போயிருந்தான்.

வைகாசியில் கலியாணம். ஊரில் பந்தல் போடவில்லை. நேர்த்திக்கடன் என்று சொல்லித் தொண்டைமானாற்றில் சந்நிதி முருகன் வாசலில் வைத்தார்கள். எங்கடை ஒழுங்கை விடுமோ? நெல்லியடியில் பஸ் மாறி ஒன்பது பேர் போய் நின்றோம். பத்மாவதி எங்களைக் கண்டதும், “அழைப்புக் கிடைச்சதோ?” என்று கேட்டாள். கிடைத்தது என்று சொன்னோம்.

அந்த ஆடி மாதக் கலவரத்தில் மலைநாடும் எரிந்தது. கதிரேசன் குடும்பம் கட்டின துணியோடு கிளிநொச்சிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறியது. குணலட்சுமிக்கும் அங்கேயே பள்ளிக்கூடம் கிடைத்தது. பஞ்சலிங்கத்தார் மாசத்துக்கு ஒருதரம் பேரப்பிள்ளையைப் பார்க்கப் போய், ஒரு சுற்றுப் பெருத்துத் திரும்பி வருவார். சிமியோனின் மகள் மரியநாயகி மன்னாரில் கலியாணம் செய்தாள். வான் சீதனமாகப் போனது. பராசக்தி தொண்ணூறில் நோர்வேக்கு, மகனிடம் போய்விட்டாள். குளிர் என்று கடிதத்துக்குக் கடிதம் அழுகிறாள்.

தொண்ணூற்றைந்து ஐப்பசியில் யுத்தத்துக்குப் பயந்து ஊரே எழும்பி நடந்தபோது பஞ்சலிங்கத்தாரும் பத்மாவதியும் நடந்தார்கள். அவள் கையில் ஒரு கான் கிணற்றுத் தண்ணீர் இருந்தது. அது கைதடி தாண்டமுன் முடிந்தது. கிளாலியால் வள்ளத்தில் போய்ச் சம்பந்தி வீட்டில் சேர்ந்தார்கள். அங்கேயே இருந்துவிட்டார்கள். சமையலறையில் இரண்டு அடுப்பு, ஒன்று சைவம். தேத்தண்ணி மட்டும் கதிரேசனின் தாய்தான் ஊற்றவேண்டுமாம். வேறு ஆர் ஊற்றினாலும் பத்மாவதி வாயில் வைக்கிறதில்லையாம்.