துண்டுக்குள் விரல்

பருத்தி வரத்து தொடங்கும் மாசி பிறந்தும், பொங்கியண்ணனின் கொட்டை நீக்கும் ஜின்னிங் பேக்டரி ஊமையாகவே நின்றது. சென்னையில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனி அனுப்பிய எஞ்சினின் பெரிய பல்சக்கரத்தில், வந்து இறங்கும்போதே இரண்டு பல் உடைந்திருந்தது. பொள்ளாச்சி ரோட்டில் வந்த பருத்தி வண்டிகள் எட்டிப் பார்த்துவிட்டு எதிராளி பேக்டரிக்குப் போய்க்கொண்டிருந்தன.

கம்பெனிக்கு மூன்று கடிதம் போயாயிற்று. எழுதியவர் மிஷன் பள்ளியில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்து ஓய்ந்த ஞானாபரணம் வாத்தியார். மூன்றாவது பதிலையும் அவரே படித்துத் தமிழில் சொன்னார்:

"சக்கரத்துக்குச் சேதம் உண்டா இல்லையா என்பதைத் தாங்கள் நிச்சயம் செய்துகொண்டு எழுதவும்."

"ஏனுங்க வாத்தியாரே, உடைஞ்ச பல்லை உங்க கையிலயே குடுத்தனுங்களே! அப்படி என்னதான் எழுதுனீங்க?"

வாத்தியார் நகலை எடுத்தார். "'பல் ஒருவேளை உடைந்திருக்கலாம்போலத் தோன்றக்கூடுமென்று தாழ்மையுடன் எண்ணத் துணிகிறோம்.' துரைமாருக்கு இப்படித்தானுங்க எழுதோணும். மொட்டையா எழுதுனா மரியாதை இல்லீங்க."

"ஒருவேளை, போல, கூடும்! மாமியா ஊட்டுல ரெண்டாஞ்சோறு கேக்கற மாப்பிள்ளைகூட இத்தனை நெளிய மாட்டானுங்க. 'சக்கரம் உடைசல், நீங்க திருடனுக'ன்னு எழுதிப்போடுங்க."

"அதுக்கு வேற கையைப் பாருங்க." வாத்தியார் மைக்கூட்டை மூடினார்.

பொங்கியண்ணன் பல்லைக் கடித்தார். தோள்துண்டை உதறி, வாத்தியார் கையை இழுத்து, மாட்டுத் தரகன் மாதிரி துண்டால் மூடினார். வாத்தியார் கூச்சத்தில் கோணினார்.

"சந்தையில ஆரும் விலையை வாய்விட்டுச் சொல்றதில்லீங்க, துண்டுக்குள்ள விரலைப் புடிச்சுத்தான் சொல்றது. துண்டு மரியாதைக்கு. உள்ள எத்தனை விரல் புடிக்கறனுங்க?"

"மூணு."

"மூணாட்டத் தோணுதுங்களா, மூணேதானுங்களா?"

"மூணேதானுங்க."

"உங்க கடுதாசியில துண்டு அசல் பட்டுங்க. உள்ளதான் விரலே இல்லை."

வாத்தியார் மைக்கூட்டை மறுபடி திறந்தார். பிறகு, "பல்லு உடைஞ்சது ரயில்லயா, அவங்க குடோன்லயா?" என்றார்.

"அது எனக்கெப்படீங்க தெரியும்?"

"அப்ப அந்த எடத்துல ஒரு 'பர்ஹாப்ஸ்', அதானுங்க 'ஒருவேளை', போடலாமுங்களா?"

"தெரியாத எடத்துல ரெண்டாவே போடுங்க!"

நான்காவது கடிதம் நாலே வரியில் முடிந்தது. இரண்டு பல் உடைந்திருக்கிறது. ரயிலில் நேர்ந்திருக்கலாம். பதினைந்து நாளில் மாற்றுச் சக்கரம் வராவிட்டால் எஞ்சின் திரும்பி வரும். மனசு கேளாமல், வாத்தியார் கடைசியில் 'என்று அஞ்சுகிறோம்' என்று ஒட்டவைத்தார். கடைசி அரை ரூபாயை விட்டுக்கொடுப்பதுபோல பொங்கியண்ணன் அதை விட்டுக்கொடுத்தார்.

ஒன்பதாம் நாள் பதில் வந்தது. "தங்கள் விஷயத்தில் ஆவன செய்ய இயலக்கூடுமென்று நம்ப இடமுண்டு..."

"பாருங்க, அவனும் வெறும் துண்டைத்தான் நீட்டறான்!" பொங்கியண்ணன் உறையைப் பிடுங்கிக் கசக்கப் போனார். உள்ளே என்னவோ தட்டுப்பட்டது. விரலை விட்டு எடுத்தார். ரயில்வே ரசீது. சக்கரம் முந்தாநாளே வண்டியேறிவிட்டது.

"விரல் இருக்குதுங்க," என்றார் வாத்தியார், மெல்ல.

"இருக்குதுங்க. நாம மொதல் கடுதாசியிலயே நீட்டியிருந்தா..." பொங்கியண்ணன் முடிக்கவில்லை. வாசலில் ஒரு பருத்தி வண்டி, எட்டிக்கூடப் பார்க்காமல் எதிராளி பேக்டரிக்குப் போய்க்கொண்டிருந்தது.